வெளிநாட்டுப் பயணம்: சென்னையில் பாஸ்போர்ட், விசா வேலைகளை எந்த வரிசையில் முடிப்பது

பல வீடுகளில் முதலில் டிக்கெட் வாங்குகிறார்கள், அடுத்து ஹோட்டல் பார்க்கிறார்கள், கடைசியில்தான் பீரோவிலிருந்து பாஸ்போர்ட் வெளியே வருகிறது. அது காலாவதியாக நான்கு மாதமே இருக்கிறது என்பதோ, அம்மாவின் பாஸ்போர்ட்டில் சர்நேம் கட்டம் காலியாக இருக்கிறது என்பதோ அப்போதுதான் தெரிகிறது. விசா படிவத்தை எவ்வளவு கவனமாக நிரப்பினாலும் இந்த இரண்டையும் அதில் சரிசெய்ய முடியாது. எனவே வேலையைப் பாஸ்போர்ட்டிலிருந்து தொடங்குங்கள். பணம் கட்டுகிற எதையும் அதற்குப் பிறகு வைத்துக்கொள்ளுங்கள்.

கையில் இருக்கும் பாஸ்போர்ட்டைச் சோதியுங்கள்

முதலில் காலாவதி தேதி. சிங்கப்பூர், மலேசியா, இந்தோனேசியா, இலங்கை, ஐக்கிய அரபு அமீரகம் ஆகிய நாடுகள், நீங்கள் போய் இறங்கும்போது பாஸ்போர்ட்டில் ஆறு மாதமாவது மீதி இருக்க வேண்டும் என்கின்றன. ஐரோப்பாவின் ஷெங்கன் நாடுகளுக்குக் கணக்கு வேறு. அங்கிருந்து திரும்பும் நாளுக்குப் பிறகு மூன்று மாதம் செல்லுபடியாக வேண்டும், பாஸ்போர்ட் கடந்த பத்து ஆண்டுக்குள் வழங்கப்பட்டதாக இருக்க வேண்டும், குறைந்தது இரண்டு வெற்றுப் பக்கம் வேண்டும். எந்த நாடாக இருந்தாலும் ஆறு மாதக் கணக்கையே பிடித்துக்கொண்டால் தவறாது.

இந்தியப் பாஸ்போர்ட்டைக் காலாவதிக்கு ஓராண்டு முன்பிருந்தே புதுப்பிக்கலாம். மீதமுள்ள மாதங்கள் புதியதில் சேராது. அதற்காகத் தள்ளிப்போட வேண்டாம். சில மாதங்களை மிச்சம் பிடிக்கப் போய் பயணமே கைநழுவிய குடும்பங்கள் உண்டு.

அடுத்து பாஸ்போர்ட்டின் நிலை. தண்ணீர் பட்டு மை கலைந்தது, தையல் பிரிந்தது, பக்கம் கிழிந்தது எல்லாமே சேதமடைந்த பாஸ்போர்ட்டாகத்தான் கருதப்படும். டிராவல்ஸில் ரசீதை ஸ்டேப்ளர் அடித்துத் தருவார்கள். அந்தத் துளை புகைப்படப் பக்கத்தில் விழுந்தால் தொல்லை. சேதம், இழப்பு, திருட்டு காரணமாக மாற்றுப் பாஸ்போர்ட் வாங்க 36 பக்கத்துக்கு 3,000 ரூபாய். சாதாரணப் புதுப்பிப்புக்கு ஆவது 1,500 ரூபாய்தான். பழைய பயண முத்திரை வீட்டுக்குத் தெரியக்கூடாது என்று பக்கத்தைக் கிழிப்பது குற்றம். குடியேற்ற அதிகாரி பக்க எண்களைப் பார்க்கிறபோது அது உடனே தெரிந்துவிடும்.

பெயர்: தமிழ்நாட்டுக்கே உரிய சிக்கல்

நம் ஊரில் குடும்பப் பெயர் கிடையாது, இனிஷியல்தான். பாஸ்போர்ட்டில் இருப்பதோ கிவன் நேம், சர்நேம் என்ற இரண்டு கட்டங்கள். இனிஷியலை அப்படியே போட முடியாது, விரித்து எழுத வேண்டும். செ. முருகன் என்பவரின் தந்தை பெயர் செல்வராஜ் என்று வைத்துக்கொள்வோம். அவருக்கு மூன்று வழி இருக்கிறது: கிவன் நேமில் முருகன், சர்நேமில் செல்வராஜ், அல்லது கிவன் நேமிலேயே முருகன் செல்வராஜ் இரண்டையும் எழுதி சர்நேமைக் காலியாக விடுவது, அல்லது முருகன் என்று மட்டும் எழுதிவிட்டு முடித்துக்கொள்வது.

முதல் வழிதான் சரி. மூன்றாவது வழியில் போனவர்கள் படும் பாடு பெரிது. 2022 நவம்பர் 21 முதல் ஐக்கிய அரபு அமீரகம், பாஸ்போர்ட்டில் ஒற்றைப் பெயர் மட்டும் உள்ளவர்களைச் சுற்றுலா, விசிட் விசாவில் ஏற்பதில்லை என்று விமான நிறுவனங்களுக்கு அறிவித்தது. இரண்டாவது பக்கத்தில் தந்தை பெயரோ குடும்பப் பெயரோ இருந்தால் போதும் என்று சில நாட்களில் விளக்கம் வந்தது. ஆனாலும் கவுன்டரில் இருப்பவருக்கு அந்த விளக்கத்தை எடுத்துச் சொல்லும் வேலை பயணியின் தலையில்தான் விழுகிறது. அமெரிக்க விசாவில் இதன் விளைவு வேறு மாதிரி. ஒற்றைப் பெயர் சர்நேம் கட்டத்துக்குப் போய்விடும், கிவன் நேம் கட்டத்தில் முதல் பெயர் தெரியாது என்பதைக் குறிக்கும் எஃப்என்யு என்ற மூன்று எழுத்துகள் ஏறும். பிறகு அங்கே ஓட்டுநர் உரிமம், வங்கிக் கணக்கு என்று எல்லாவற்றிலும் அதுவே பெயராகிவிடும்.

புதிதாக விண்ணப்பிப்பவர்கள் இரண்டு கட்டத்தையும் நிரப்புங்கள். ஏற்கெனவே சர்நேம் இல்லாதவர்கள், வளைகுடாவுக்கோ அமெரிக்காவுக்கோ போகும் எண்ணம் இருந்தால், புதுப்பிக்கும்போதே பெயரைப் பிரித்துக் கொடுக்கக் கோருங்கள். அதற்கு ஆதார், பான், பத்தாம் வகுப்பு மதிப்பெண் சான்றிதழ் ஆகியவற்றில் தந்தை பெயர் ஒரே எழுத்துக்கூட்டலில் இருப்பது அவசியம். ழகரம் வருகிற பெயர்களில்தான் பிசகு அதிகம்: ஓர் ஆவணத்தில் இசட்-எச், இன்னொன்றில் எல். தமிழ்ச்செல்வி, யாழினி, கனிமொழி போன்ற பெயர்களை எல்லா ஆவணங்களிலும் ஆங்கிலத்தில் எழுத்து எழுத்தாக ஒப்பிடுங்கள். பிழை ஆதாரில் இருந்தால் முதலில் ஆதாரைத் திருத்திவிட்டுப் பிறகு பாஸ்போர்ட்டுக்கு வாருங்கள். இரண்டையும் ஒரே நேரத்தில் ஓட்டினால் சேவை மையத்தில் நிறுத்திவிடுவார்கள்.

விமான டிக்கெட்டில் பெயர், பாஸ்போர்ட்டின் புகைப்படப் பக்கத்தின் அடியில் உள்ள இரண்டு வரி எழுத்துகளோடு பொருந்த வேண்டும். சர்நேம் இல்லாத அம்மா அப்பாவுக்கு எடுக்கும்போது கடைசிப் பெயர் கட்டத்தில் என்ன போடுவது என்பது நிறுவனத்துக்கு நிறுவனம் மாறும்; சில நிறுவனங்கள் அதே பெயரை இரண்டாம் முறை எழுதச் சொல்லும். பணம் கட்டுமுன் அந்த நிறுவனத்தையே கேட்டுவிடுங்கள். திருமணமான பெண்கள் பாஸ்போர்ட்டில் பெயர் மாற்றியே ஆக வேண்டும் என்று சட்டம் இல்லை. பழைய பெயரிலேயே டிக்கெட்டும் விசாவும் எடுத்துத் தேனிலவுக்குத் தாராளமாகப் போகலாம். பாதி ஆவணங்களில் மட்டும் மாற்றிவைப்பதுதான் ஆபத்து.

சென்னையில் பாஸ்போர்ட் எடுப்பது

பாஸ்போர்ட் சேவா இணையதளத்தில் கணக்குத் தொடங்கி, படிவம் நிரப்பி, பணம் கட்டினால்தான் நேரம் ஒதுக்க முடியும். தளத்தின் முகவரி ஜிஓவி டாட் இன் என்று முடிகிறதா என்று பாருங்கள். அதே தோற்றத்தில் போலித் தளங்கள் உண்டு. அவை இரட்டிப்புக் கட்டணம் பிடுங்குவதோடு உங்கள் ஆவணங்களையும் எடுத்துக்கொள்ளும்.

பெரியவர்களுக்கு 36 பக்கம் 1,500 ரூபாய், 60 பக்கம் 2,000 ரூபாய். தட்கலில் இதற்கு மேல் 2,000 ரூபாய். 18 வயதுக்குக் கீழ் 1,000 ரூபாய். அது ஐந்து ஆண்டு அல்லது 18 வயது, எது முன்னால் வருகிறதோ அதுவரை செல்லும். வருடத்துக்கு இரண்டு மூன்று முறை போகிறவர்கள் 60 பக்கமே வாங்குங்கள். 36 பக்கம் நினைப்பதைவிட சீக்கிரம் தீரும், ஒட்டும் விசாக்கள் ஒவ்வொன்றும் ஒரு முழுப் பக்கத்தை எடுத்துக்கொள்ளும்.

சாலிகிராமம், அமைந்தகரை, தாம்பரம் ஆகிய மூன்று இடங்களில் பாஸ்போர்ட் சேவை மையங்கள் உள்ளன. தபால் நிலைய மையங்களும் உண்டு. எங்கே நேரம் கிடைக்கிறதோ அங்கே எடுத்துக்கொள்ளலாம். நேரத்தை ஓராண்டுக்குள் மூன்று முறைக்கு மேல் மாற்ற முடியாது, ஆகவே ஆவணம் முழுதாகக் கையில் வந்த பிறகே தேதியைப் பிடியுங்கள். உள்ளே போனால் டோக்கன் தருவார்கள், பிறகு ஏ, பி, சி என்று மூன்று கவுன்டர்கள். ஏ-யில் ஆவணங்களை ஸ்கேன் செய்து, புகைப்படமும் கைரேகையும் எடுப்பார்கள். திரையில் பெயர், பிறந்த தேதி, பெற்றோர் பெயர் எல்லாவற்றையும் காட்டிச் சரிபார்க்கச் சொல்வார்கள். அவசரப்படாமல் ஒவ்வொரு எழுத்தாகப் படியுங்கள், ஏனென்றால் அச்சாகிய பிறகு ஓர் எழுத்துப் பிழைக்கும் மறுபடி விண்ணப்பம்தான். பி-யில் மூல ஆவணச் சரிபார்ப்பு, சி-யில் முடிவு.

முகவரியில்தான் சென்னைவாசிகள் அதிகம் இடறுகிறார்கள். ஆதாரில் நெல்லையோ மதுரையோ இருக்கும், குடியிருப்பது வேளச்சேரியில். ஊர் முகவரியைக் கொடுத்துவிட்டால் காவல்துறைச் சரிபார்ப்பு அந்த ஊர் நிலையத்துக்குப் போகும். நீங்கள் அங்கே இல்லை என்று அறிக்கை வந்தால் விண்ணப்பம் நின்றுவிடும். எந்த முகவரியில் உண்மையில் வசிக்கிறீர்களோ அதற்கே சான்று தயார்செய்து கொடுங்கள். அறிக்கை பாதகமாக வந்து விளக்கம் கேட்டால், அண்ணா சாலை ராயலா டவர்ஸில் உள்ள மண்டல பாஸ்போர்ட் அலுவலகத்தோடுதான் பேச வேண்டியிருக்கும். பாஸ்போர்ட் ஸ்பீட் போஸ்ட்டில், உரியவர் கையில்தான் தருவார்கள். வீடு பூட்டியிருந்து இரண்டு முறை திரும்பினால் அலைச்சல்.

பத்தாம் வகுப்புச் சான்றிதழைக் கட்டாயம் இணையுங்கள். அது இல்லையென்றால் ஈசிஆர், அதாவது குடிபெயர்வுச் சோதனை தேவைப்படும் வகைப் பாஸ்போர்ட் வரலாம். அமீரகம், சவூதி, கத்தார், ஓமன், குவைத், பஹ்ரைன், மலேசியா, தாய்லாந்து, இந்தோனேசியா உள்ளிட்ட குறிப்பிட்ட நாடுகளுக்கு அந்தப் பாஸ்போர்ட்டில் வேலைக்குப் போக, குடிபெயர்வோர் பாதுகாவலர் அலுவலகத்தின் அனுமதி வேண்டும். சுற்றுலாவுக்குப் போக அந்த அனுமதி தேவையில்லை. ஆனால் திரும்பும் டிக்கெட்டும் விசாவும் காட்ட வேண்டும், குடியேற்றக் கவுன்டரில் கேள்வியும் கூடுதலாக வரும். வருமான வரி கட்டுபவர்களுக்கும் ஈசிஆர் இல்லாத பாஸ்போர்ட் கிடைக்கும்.

குழந்தைகளுக்குத் தனிப் பாஸ்போர்ட், கைக்குழந்தைக்கும் சேர்த்துத்தான். மாநகராட்சிப் பிறப்புச் சான்றிதழில் குழந்தையின் பெயர் ஏறியிருக்கிறதா என்று பாருங்கள். பிறந்த சில நாளில் எடுத்த சான்றிதழில் பெயர்க் கட்டம் காலியாகவே இருக்கும். 2023 அக்டோபர் 1 அன்றோ அதற்குப் பிறகோ பிறந்தவர்களுக்குப் பிறந்த தேதிக்கான சான்றாகப் பிறப்புச் சான்றிதழ் மட்டுமே செல்லும். பெற்றோர் இருவரும் இணைப்பு டி படிவத்தில் கையெழுத்திட வேண்டும். ஒருவர் சம்மதம் இல்லாமலோ, கிடைக்காமலோ இருந்தால் இணைப்பு சி. நான்கு வயதுக்குக் கீழ் உள்ள குழந்தைக்கு வெள்ளைப் பின்னணியில் புகைப்படம் கொண்டுபோக வேண்டும், பெரியவர்களுக்கு அங்கேயே எடுத்துவிடுவார்கள்.

2025 மார்ச் முதல் சென்னையில் சிப் பதித்த இ-பாஸ்போர்ட் தருகிறார்கள். முன் அட்டையில் கீழே ஒரு சிறு பொன்னிறக் குறி இருக்கும். பழைய பாஸ்போர்ட் காலாவதியாகும்வரை செல்லும், சிப்புக்காக மாற்றத் தேவையில்லை.

எந்த நாட்டுக்கு என்ன

நேபாளம், பூட்டான் இரண்டுக்கும் பாஸ்போர்ட்டே கட்டாயமில்லை. விமானத்தில் நேபாளம் போக வாக்காளர் அடையாள அட்டையாவது வேண்டும். ஆதாரை மட்டும் எடுத்துக்கொண்டு போனால் பெரும்பாலோர் ஏற முடியாது.

மலேசியா 2023 டிசம்பர் 1 முதல் இந்தியர்களுக்கு 30 நாள் விசா இல்லாமல் அனுமதிக்கிறது. இந்தச் சலுகை 2026 டிசம்பர் 31 வரை நீட்டிக்கப்பட்டிருக்கிறது. விசா இல்லை என்றால் கேள்வியே இல்லை என்று எண்ண வேண்டாம். மலேசிய டிஜிட்டல் வருகை அட்டையைப் போய் இறங்குவதற்கு முந்தைய மூன்று நாளுக்குள் நிரப்ப வேண்டும். திரும்பும் டிக்கெட், தங்கும் இடம், செலவுக்குப் பணம் மூன்றையும் கோலாலம்பூரில் கேட்பார்கள். சுற்றுலா என்று சொல்லி வேலைக்குப் போனவர்கள் நிறையப் பேர் அங்கிருந்தே திருப்பி அனுப்பப்பட்டிருப்பதால், தமிழ்நாட்டிலிருந்து தனியாக வரும் இளைஞர்களை அதிகாரிகள் கூர்ந்து பார்க்கிறார்கள். தாய்லாந்துக்கும் 2025 மே 1 முதல் இதேபோன்ற டிஜிட்டல் அட்டை உண்டு, அதுவும் மூன்று நாள் கணக்குத்தான்.

சிங்கப்பூருக்கு விசா வேண்டும். தூதரகம் அங்கீகரித்த முகவர்கள் மூலம் விண்ணப்பிக்கலாம். 14ஏ படிவம், 35-க்கு 45 மில்லிமீட்டர் புகைப்படம், அரசுக் கட்டணம் 30 சிங்கப்பூர் டாலர். முகவர் கட்டணம் தனி, அது கடைக்குக் கடை வேறுபடும், ஆகவே இரண்டு இடத்தில் கேளுங்கள். விசா மின்னஞ்சலில் வரும். அதற்குப் பிறகும் எஸ்ஜி வருகை அட்டையைப் போய் இறங்குவதற்கு முந்தைய மூன்று நாளுக்குள் நிரப்ப வேண்டும். சிங்கப்பூர், மலேசியா, தாய்லாந்து மூன்றின் வருகை அட்டைகளும் இலவசம். பணம் கேட்கிற தளம் எதுவாக இருந்தாலும் அது அரசுத் தளம் அல்ல.

அமீரகத்துக்கு விமான நிறுவனமோ ஹோட்டலோ முகவரோ எடுத்துத் தரும் விசா. செல்லுபடியாகும் அமெரிக்க விசா வைத்திருக்கும் இந்தியர்களுக்குப் போய் இறங்கியதும் விசா தரும் வசதியும் உண்டு.

இடைநிறுத்தத்தைப் பலர் மறக்கிறார்கள். லண்டன் வழியாக வேறு நாட்டுக்குப் போகிற இந்தியருக்கு, விமான நிலையத்தை விட்டு வெளியே வராவிட்டாலும், இடைமாற்று விசா வேண்டும். அமெரிக்கா, கனடா, ஆஸ்திரேலியா, நியூசிலாந்து விசா இருப்பவர்களுக்கு விலக்கு உண்டு. இரண்டு தனித்தனி டிக்கெட்டாக வாங்கினால் இன்னொரு சங்கடம்: பெட்டியை எடுத்து மறுபடி கொடுக்க நீங்கள் அந்த நாட்டுக்குள் நுழைய வேண்டியிருக்கும், அதற்கு முழு விசாவே தேவைப்படலாம். மலிவு என்று பிரித்து வாங்குமுன் இதைக் கணக்கில் எடுங்கள்.

காகிதங்கள் ஒன்றுக்கொன்று ஒத்துப்போக வேண்டும்

விசா அதிகாரி தேடுவது மூன்று பதில்களை: எதற்குப் போகிறீர்கள், யார் பணம், ஏன் திரும்பி வருவீர்கள். இருபது காகிதம் வைப்பதில் பயனில்லை. வைக்கிற எட்டும் ஒரே கதையைச் சொல்ல வேண்டும்.

வங்கிக் கணக்கு அறிக்கை ஷெங்கனுக்குக் குறைந்தது மூன்று மாதம், பிரிட்டனுக்கு ஆறு மாதம் வைப்பது நல்லது. வங்கிக் கிளையின் முத்திரையும் கையெழுத்தும் வாங்கிவிடுங்கள். கடைசி இருப்பு எவ்வளவு என்பதைவிட, அது எப்படி வந்தது என்பதையே பார்க்கிறார்கள். மாதம் 45,000 ரூபாய் சம்பளம் வரும் கணக்கில் விண்ணப்பத்துக்கு ஒரு வாரம் முன் 5 லட்சம் விழுந்திருந்தால், அது கடன் வாங்கிக் காட்டிய பணம் என்றுதான் தோன்றும். உண்மையில் நிலம் விற்ற பணமாகவோ முதிர்ந்த வைப்புத்தொகையாகவோ இருக்கலாம். அப்படியென்றால் அந்தப் பத்திரத்தின் அல்லது ரசீதின் நகலை வைத்து, முகப்புக் கடிதத்தில் ஒரு வரி எழுதுங்கள்.

வேலையில் இருப்பவர்கள் மூன்று மாதச் சம்பளச் சீட்டும், விடுமுறை எந்தத் தேதி முதல் எந்தத் தேதி வரை, திரும்பி வந்து வேலையில் சேருவார் என்று சொல்லும் கடிதமும் வாங்க வேண்டும். அந்தத் தேதிகள் டிக்கெட், ஹோட்டல், காப்பீட்டுத் தேதிகளோடு பொருந்த வேண்டும். ஒரு நாள் பிசகினாலும் கேள்வி வரும். சொந்தத் தொழில் என்றால் ஜிஎஸ்டி பதிவு, வருமான வரி ரிட்டர்ன், நிறுவனத்தின் நடப்புக் கணக்கு அறிக்கை. ஓய்வு பெற்றவர்களுக்கு ஓய்வூதிய ஆணை. விவசாயிகள் பட்டா, சிட்டா, விளைபொருள் விற்ற வரவு ஆகியவற்றை வைக்கலாம். இவை தமிழில் இருப்பதால் சான்றளிக்கப்பட்ட ஆங்கில மொழிபெயர்ப்பு சேர்க்க வேண்டும். குடும்ப அட்டைக்கும் அதே விதி. மொழிபெயர்ப்பு இல்லாத தமிழ் ஆவணத்தை பிரிட்டன் அதிகாரி கணக்கில் எடுக்க மாட்டார்.

பிள்ளைகளைப் பார்க்கப் போகும் பெற்றோர், பிள்ளையின் அழைப்புக் கடிதம், அவருடைய பாஸ்போர்ட், அந்நாட்டு வதிவிட அனுமதி, சம்பளச் சீட்டு ஆகியவற்றின் நகலோடு, உறவை நிறுவும் ஆவணத்தையும் வைக்க வேண்டும். பிள்ளையின் பாஸ்போர்ட்டில் தந்தை பெயர் எஸ். ராமசாமி என்றும், தந்தையின் பாஸ்போர்ட்டில் ராமசாமி சுப்பையா என்றும் இருந்தால், பிறப்புச் சான்றிதழோ இருவரும் ஒருவரே என்ற உறுதிமொழிப் பத்திரமோ சேர்த்துவிடுங்கள்.

ஷெங்கன்

29 நாடுகள், ஒரே விசா. எந்த நாட்டில் அதிக நாள் தங்குகிறீர்களோ அந்த நாட்டுக்கு விண்ணப்பிக்க வேண்டும். நாட்கள் சமமாக இருந்தால் முதலில் நுழையும் நாட்டுக்கு. எந்த நாட்டில் நேரம் சீக்கிரம் கிடைக்கிறதோ அங்கே விண்ணப்பித்துவிட்டு வேறு நாட்டில் தங்குவது மறுப்புக்குப் போதுமான காரணம், அடுத்த முறையும் அது தொடரும்.

பயணத்துக்கு ஆறு மாதம் முன்பிருந்து விண்ணப்பிக்கலாம், கடைசிக் கெடு 15 நாள். பரிசீலனை வழக்கமாக 15 நாள், 45 நாள் வரை நீளலாம். கோடை விடுமுறைக்குப் போகிறவர்கள் பொங்கல் முடிந்ததும் வேலையைத் தொடங்கினால்தான் நேரம் கிடைக்கும். 2024 ஜூன் 11 முதல் கட்டணம் 90 யூரோ, 6 முதல் 12 வயதுக்குள் 45 யூரோ, அதற்குக் கீழ் இலவசம். விண்ணப்பம் வாங்கும் மையத்தின் சேவைக் கட்டணம் தனி. மருத்துவக் காப்பீடு 30,000 யூரோவுக்குக் குறையாமல், ஷெங்கன் நாடுகள் முழுவதற்கும், பயண நாட்கள் அனைத்துக்கும் இருக்க வேண்டும். விசா வரும்வரை திரும்பப் பெற முடியாத டிக்கெட் வாங்காதீர்கள், முன்பதிவு காட்டினால் போதும்.

கைரேகை கொடுக்கப் போகும் வாரத்தில் மருதாணி வைக்காதீர்கள். கல்யாணம் முடிந்த கையோடு வரும் பெண்களுக்குக் கருவி ரேகையைப் படிக்காமல் போய் இன்னொரு நாள் வரச் சொல்லும் நிலை வருகிறது. 12 வயதுக்குக் கீழ் கைரேகை தேவையில்லை. ஒருமுறை கொடுத்தது 59 மாதத்துக்குச் செல்லும். விசா முடிவு வரும்வரை பாஸ்போர்ட் தூதரகத்திடம் இருக்கும், அந்த நாட்களில் வேறு நாட்டுப் பயணம் வைத்துக்கொள்ளாதீர்கள்.

தங்கும் கணக்கு: எந்த 180 நாளை எடுத்தாலும் அதில் 90 நாளுக்கு மேல் கூடாது. நுழையும் நாளும் கிளம்பும் நாளும் சேர்த்தி. விசாவில் எழுதியிருக்கும் நாட்களின் எண்ணிக்கையும் செல்லுபடியாகும் தேதிகளும் வெவ்வேறு; 20 நாள் என்றிருந்தால் தேதி மீதி இருந்தாலும் 20 நாள்தான். 2024 ஏப்ரலில் ஐரோப்பிய ஆணையம் இந்தியர்களுக்குத் தந்த சலுகையின்படி, மூன்று ஆண்டுக்குள் இரண்டு விசாக்களை முறையாகப் பயன்படுத்தியவர்கள் இரண்டாண்டு விசாவுக்கும், அதன் பிறகு ஐந்தாண்டு விசாவுக்கும் தகுதி பெறலாம். ஆகவே பழைய விசாப் பக்கங்களின் நகலைத் தவறாமல் வையுங்கள்.

அமெரிக்கா

டிஎஸ்-160 என்ற இணைய விண்ணப்பப் படிவம், சுற்றுலாவுக்கும் வணிகப் பயணத்துக்குமான பி1/பி2 விசாவுக்கு 2023 ஜூன் 17 முதல் 185 டாலர் கட்டணம், 51-க்கு 51 மில்லிமீட்டர் சதுரப் புகைப்படம். கண்ணாடி அணிந்த படம் ஏற்கப்படாது. முதலில் விண்ணப்ப மையத்தில் கைரேகையும் படமும், பிறகு ஜெமினி மேம்பாலம் அருகே உள்ள துணைத் தூதரகத்தில் நேர்காணல். செல்போனை உள்ளே விட மாட்டார்கள், பக்கத்தில் ஒப்படைக்க இடம் தேடி நேரத்தை வீணாக்காமல் வீட்டிலேயே வைத்துவிட்டு வாருங்கள்.

நேர்காணல் சில நிமிடங்களே. தமிழிலேயே பேசலாம், ஆங்கிலம் தடுமாறும் பெற்றோர் தயங்காமல் தமிழைக் கேளுங்கள். அதிகாரி ஏற்கெனவே படிவத்தைப் படித்திருப்பார், ஆவணக் கோப்பைப் பெரும்பாலும் கேட்கவே மாட்டார். அதனால் படிவத்தைப் பிள்ளையோ முகவரோ நிரப்பியிருந்தாலும், அதில் என்ன எழுதியிருக்கிறது என்பது போகிறவருக்குத் தெரிந்திருக்க வேண்டும். மகன் எந்த ஊரில், என்ன வேலை, எத்தனை நாள் தங்குவீர்கள் என்ற கேள்விக்குப் படிவம் ஒன்றும் வாய் ஒன்றுமாகச் சொன்னால் 214பி பிரிவில் மறுப்பு வரும். திரும்பி வருவார் என்ற நம்பிக்கை ஏற்படவில்லை என்பதே அதன் பொருள். மறுபடி விண்ணப்பிக்கத் தடை இல்லை, ஆனால் கட்டணம் மறுபடி கட்ட வேண்டும்; சூழ்நிலை மாறாமல் அடுத்த மாதமே போவதில் அர்த்தமில்லை.

போலிக் காகிதம் வேண்டாம்

வங்கி இருப்பைக் கூட்டிக் காட்டுகிறேன், வேலைச் சான்றிதழ் தயார்செய்து தருகிறேன் என்று சொல்லும் முகவரிடமிருந்து உடனே எழுந்து வந்துவிடுங்கள். தூதரகங்கள் வங்கிக்கும் நிறுவனத்துக்கும் நேரடியாகப் பேசிச் சரிபார்க்கின்றன. பிரிட்டனில் ஏமாற்றியது நிரூபணமானால் பத்தாண்டுத் தடை, அமெரிக்காவில் ஆயுள் முழுவதும் தகுதியிழப்பு. எனக்குத் தெரியாமல் முகவர் வைத்துவிட்டார் என்று சொல்வதை யாரும் ஏற்பதில்லை, கையெழுத்து உங்களுடையது. பாஸ்போர்ட் விண்ணப்பத்தில் தெரிந்தே பொய்த் தகவல் கொடுத்தால் பாஸ்போர்ட் சட்டத்தின் 12-ஆம் பிரிவில் இரண்டாண்டு வரை சிறை உண்டு. முந்தைய மறுப்பு இருந்தால் படிவத்தில் மறைக்காமல் எழுதுங்கள். மறுப்பு ஒரு குறைதான், மறைத்தது தெரியவந்தால் அது குற்றமாகிவிடும்.

தடுப்பூசி

கென்யா, உகாண்டா போன்ற மஞ்சள் காய்ச்சல் பகுதி நாடுகளுக்குப் போகிறவர்களுக்கு இது விசாவுக்கு நிகரானது. கிண்டி கிங் நோய்த்தடுப்பு மருந்து நிறுவனத்தில் ஊசி போட்டுக்கொள்ளலாம். சான்றிதழ் ஊசி போட்ட பத்து நாளுக்குப் பிறகே செல்லும், பிறகு ஆயுள் முழுக்கச் செல்லும். பாஸ்போர்ட் எண் அதில் எழுதப்படுவதால் பாஸ்போர்ட்டைக் கொண்டுபோங்கள். சான்றிதழ் இல்லாமல் அந்த நாடுகளிலிருந்து திரும்பினால் இந்தியாவில் ஆறு நாள் வரை தனிமைப்படுத்துவார்கள்.

கிளம்பும் நாளும் அதற்குப் பிறகும்

உங்கள் ஆவணங்களை முதலில் சோதிப்பவர் மீனம்பாக்கத்தில் விமான நிறுவனக் கவுன்டரில் இருப்பவர். நுழைவு மறுக்கப்பட்டவரைத் திருப்பிக் கொண்டுவரும் பொறுப்பு நிறுவனத்தின்மேல் விழுவதால் அவர் கறாராகத்தான் இருப்பார். விசா, திரும்பும் டிக்கெட், ஹோட்டல் பதிவு, காப்பீடு, வருகை அட்டை ஆகியவற்றைக் காகிதத்தில் அச்சிட்டுக் கையில் வையுங்கள். போனில் மட்டும் இருந்து சார்ஜ் தீர்ந்தால் வரிசையை விட்டு விலக நேரிடும். பழைய பாஸ்போர்ட்டில் செல்லுபடியாகும் அமெரிக்க விசா இருந்தால் இரண்டு புத்தகத்தையும் எடுத்துப் போக வேண்டும்.

அடிக்கடி பயணம் செய்பவர்கள் உள்துறை அமைச்சகத்தின் விரைவுக் குடியேற்றத் திட்டத்தில் பதிவு செய்துகொள்ளலாம். 2025 ஜனவரி 16 முதல் சென்னையிலும் இருக்கிறது. பாஸ்போர்ட்டில் ஆறு மாதமாவது மீதி வேண்டும். பதிவு ஐந்தாண்டு அல்லது பாஸ்போர்ட் காலாவதி வரை செல்லும். குடியேற்ற வரிசையில் நிற்காமல் தானியங்கிக் கதவு வழியாகப் போகலாம்.

வெளிநாட்டில் முத்திரை குத்திய உடனே கவுன்டரிலேயே தேதியைப் படியுங்கள். எத்தனை நாள் அனுமதி என்று அதிகாரி எழுதுகிறாரோ அதுவே கணக்கு, நீங்கள் கேட்ட நாட்கள் அல்ல. பாஸ்போர்ட் அங்கே தொலைந்தால் முதலில் உள்ளூர்க் காவல் நிலையத்தில் புகார் கொடுத்து நகல் வாங்குங்கள், பிறகு இந்தியத் தூதரகம். ஊர் திரும்ப மட்டும் உதவும் அவசரச் சான்றிதழைத் தருவார்கள். அதை வைத்து வேறு நாட்டுக்குப் போக முடியாது. பாஸ்போர்ட்டின் முதல், கடைசிப் பக்க நகலும் இரண்டு புகைப்படமும் தனிப் பையில் இருந்தால் தூதரகத்தில் வேலை சீக்கிரம் நடக்கும். சென்னை திரும்பிய பிறகு, தொலைந்த பாஸ்போர்ட்டுக்கான மாற்று விண்ணப்பத்தில் அந்தப் புகார் நகலும் அவசரச் சான்றிதழும் தேவைப்படும். இரண்டையும் பத்திரமாக வைத்திருங்கள்.